நடுவர் முத்துத்தாய்

அத்தியாயம் 9

திருமங்கலத்தில் ஏறும்போதே பேருந்தில் உட்கார இடமில்லை. தாமரைச்செல்வி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் நாற்பது பக்க நோட்டை விரித்துப் படித்தபடி வந்தாள். பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "பரீட்சையாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா," என்றாள் தாமரை. அது பொய்யும் இல்லை.

பத்து நாட்களுக்கு முன்பு அவள் தம்பி சிவக்குமார், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொன்னான். பெயர் ஜெயக்கொடி. நர்சரி வைத்துப் பூச்செடியும் தென்னங்கன்றும் விற்கிறாள். சிவக்குமார் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கும் கடையில் வேலை பார்ப்பவன். அவள் தோட்டத்தில் குழாய் போடப் போனவன், ஒரு தடவை மாற்ற வேண்டிய ஃபில்டரை ஐந்து தடவை போய் மாற்றியிருக்கிறான். விசாரித்ததில் இரண்டு குடும்பத்துக்கும் முறை சரியாகத்தான் வந்தது. ஆனாலும் அப்பா வெள்ளைத்துரை வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் வேண்டாம் என்றால் மறுத்துப் பேசி யாரும் ஜெயித்ததில்லை. முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சாயங்காலங்களில் திருவிழா மேடைகளில் பட்டிமன்றப் பேச்சாளர். எதிரணி என்ன சொன்னாலும் அதை ஒரு சிரிப்பாக மாற்றி விடுவார். கூட்டம் சிரிக்கும், சிரித்த கூட்டம் கைதட்டும், அத்தோடு அந்த வாதம் முடிந்துவிடும். வீட்டிலும் அதே வழக்கம்தான்.

போன வாரம் சிவக்குமார் கெஞ்சியபோது அவரே ஒரு சவால் விட்டார். "நம்ம வீட்டுக் கூடத்துலயே பட்டிமன்றம் வைப்போம். ஞாயித்துக்கிழமை பத்து மணி. உங்க அம்மா நடுவர். நான் தோத்தா நானே வந்து பொண்ணு கேக்குறேன். ஜெயிச்சா இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சது."

நாலு பேர் முன்னால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லத் தெரியாதவன் சிவக்குமார். அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்துவிட்டான்.

தாமரை திருமங்கலத்தில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் ரீசனிங் வகுப்பு எடுக்கிறாள். கூற்று, முடிவு, காரணம், அனுமானம். ஒரு வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. தம்பிக்காக வாதாட ஒப்புக்கொண்டதற்கு அது மட்டும் காரணமில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, அதே கூடத்தில், அவளே ஒரு வாதத்தில் தோற்றிருந்தாள். எம்.எஸ்சி. கணக்கு முடித்து, கோவையில் மேலே படிக்க இடம் கிடைத்திருந்த நேரம். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அப்பா சொன்னார்: "கணக்குன்னா என்னத்தா, கூட்டுறது, பெருக்குறது. அதை வீட்டுலயே பண்ணலாமே, அதுக்கு எதுக்குக் கோயம்புத்தூரு?"

எல்லாரும் சிரித்தார்கள். தாமரையும் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அழ முடியவில்லை.

காளவாசலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் கோச்சடை வீட்டுக்கு வந்தபோது, கூடம் மேடையாக மாறியிருந்தது. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் அம்மா முத்துத்தாய், நல்ல சேலை கட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத்துரை சலவை வேட்டியும் ஜிப்பாவுமாக நின்றார். பார்வையாளர் பகுதியில் சிவக்குமார் ஒருவன் மட்டும்.

"இட்லி சாப்பிட்டுட்டுப் பேசுறியா, பேசிட்டுச் சாப்பிடுறியா?" என்றாள் முத்துத்தாய்.

"பேசிட்டுச் சாப்பிடுறேன்மா."

"அப்ப ஆரம்பிங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசணும். நடுவுல நடுவுல சிரிப்பு காட்டக் கூடாது," என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அந்த நிபந்தனை அரை நிமிடம் தாங்கியது.

"நடுவர் அவர்களே," என்று தொண்டையைச் செருமினார் வெள்ளைத்துரை. "பதினெட்டு வருசத்துக்கு முன்னாடி கொட்டாம்பட்டிப் பக்கத்துல ஒரு ஊருக்குப் பேசப் போனேன். எந்திரிச்சு நாலு நிமிசம்தான் பேசிருப்பேன், மைக்கை அமத்திட்டாய்ங்க. என்னய்யான்னா, ஆடல் பாடல் குரூப்பு சாப்பிட்டு முடிச்சிருச்சாம். பேச்சை மதிக்காத சீமைல போய்ப் பொண்ணு எடுத்தா, அது நான் வாயைத் தெறக்குறப்பல்லாம் டிவி சவுண்டைக் கூட்டும்."

முத்துத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல எம்புட்டுப் பேருப்பா இருந்தாங்க?" என்று கேட்டாள் தாமரை.

"ஐந்நூறு பேரு இருக்கும்."

"மைக்கை அமத்துனது?"

"மைக் செட்டுக்காரன் ஒருத்தன்."

"ஐந்நூறுல ஒருத்தன். அவனை வச்சு ஒரு சீமையையே எடை போடுறீங்க. ஜெயக்கொடிக்கு அன்னைக்கு ஒன்பது வயசு. அவளா அமத்துனா?"

பார்வையாளர் பகுதி கைதட்டியது. வெள்ளைத்துரை அசரவில்லை. அவருக்கு எதிரணி பலமாக இருந்தால்தான் குரல் திறக்கும்.

"சரி, ஊரை விடு. அந்தப் பொண்ணு நர்சரி வச்சிருக்கு. கல்யாணம் ஆனதும் இவன் ஒத்தாசைக்குன்னு வாரத்துல ரெண்டு நாள் போவான். அப்புறம் நாலு நாள். அப்புறம் அங்கிட்டே தங்கிருவான். அப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் வருவான். கடைசில நம்ம வாசல்ல அவன் குடுத்த தென்னங்கன்னு மட்டும்தான் நிக்கும். அதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நானும் இவளும் உக்காந்திருக்கணும்."

"அந்த 'அப்புறம்'ங்கற வார்த்தையை எடுத்துட்டா அப்பா பேச்சுல ஒண்ணுமே இல்லம்மா. ரெண்டு நாளு ஏன் நாலு நாளாகும்? சொல்லவே இல்ல. ஒரு படியில காலை வச்சா உருண்டு கீழ விழுந்தே தீரணுமா? நானும் திருமங்கலத்துக்கு வாக்கப்பட்டுத்தான போனேன். வாரம் தவறாம வந்து நிக்கிறேன்ல."

"நம்ம தெருவுல பன்னண்டு பேருகிட்டக் கேட்டேன். பன்னண்டு பேரும் வேணாம்னாங்க. அம்புட்டுப் பேரும் முட்டாளா?"

"அவங்கள்ல யாரு ஜெயக்கொடியைப் பாத்தது?"

"யாரும் பாக்கல."

"பாக்காதவங்க நூறு பேரு சொன்னாலும் பாக்காதவங்கதானப்பா."

வெள்ளைத்துரை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். மேஜையில் ஒரு தட்டு தட்டி, குரலைத் தாழ்த்தினார். "ரெண்டே வகைப் புள்ளைதான் உலகத்துல. பெத்தவன் பேச்சைக் கேக்குறவன், பொண்டாட்டி பேச்சைக் கேக்குறவன். இவன் எந்த வகைன்னு இவனே சொல்லட்டும்."

சிவக்குமார் வாயைத் திறந்தான். தாமரை முந்திக்கொண்டாள்.

"மூணாவதா ஒரு வகை இருக்கு. ரெண்டு பேரு சொல்றதையும் கேட்டுட்டு, தானும் யோசிக்கிறவன். அதை ஒளிச்சு வச்சுட்டு ரெண்டை மட்டும் காட்டுறீங்க."

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். ஜெயித்துவிட்டாள் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் பன்னிரண்டு வருடத்துச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"அதுவும் யாரு சொல்றது இதை? இந்த வீட்டுல அம்மா ஒரு பேச்சை முழுசா முடிச்சு நான் பாத்ததே இல்ல. அடுத்தவங்க பேச்சைக் கேக்கத் தெரியாதவரு, யாரு பேச்சை யாரு கேக்கணும்னு பாடம் எடுக்குறாரு."

கைதட்டல் வரவில்லை. சிவக்குமார் தரையைப் பார்த்தான். வெள்ளைத்துரை எப்போதும் எதிரணியைப் பார்த்துச் சிரிப்பவர், இப்போது ஜிப்பாவின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது தலைப்புல இல்ல தாமரை," என்றாள் முத்துத்தாய். "அவரு எப்படிப்பட்ட ஆளுங்கறது வேற. அவரு சொன்னது சரியா தப்பாங்கறது வேற."

வெள்ளிக்கிழமை வகுப்பில் கரும்பலகையில் அவள் எழுதிப்போட்ட அதே பாடம். சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவரை அடிப்பது. தாமரைக்குக் காது சூடாகியது.

முத்துத்தாய் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப நான் பேசுறேன். யாரும் குறுக்க வராதீங்க. அவரு போட்ட கோலத்தை இவ ஒரு இழை விடாம அழிச்சா. நல்லாத்தான் அழிச்சா. ஆனா அழிச்ச எடத்துல ஒத்தைப் புள்ளி கூட இவ வைக்கல. வேணாம்ங்கறதுக்கு அவரு சொன்ன காரணமெல்லாம் சொத்தை. அதுக்காக வேணும்னு ஆயிருமா? அந்தப் பொண்ணு எப்படி, இந்த வீட்டுக்கு ஒத்து வருமா, இவனுக்கு ஒத்து வருமா, ஒரு வார்த்தை வரல. ஏத்தா, நீ அவளைப் பாத்திருக்கியா?"

"இல்லம்மா."

"நீங்க?"

வெள்ளைத்துரை தலையை மட்டும் அசைத்தார்.

"ரெண்டு பேரும் பாக்காமயே இம்புட்டு நேரம் பேசிருக்கீங்க. தீர்ப்பைத் தள்ளி வைக்கிறேன். பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி அண்ணன்கிட்டக் காரைக் கேளு சிவா. சாப்பிட்டுட்டுக் கெளம்புவோம்."

சிவக்குமார் எழுந்து நின்றான். "இன்னைக்கே வேணாம்மா. அவகிட்ட நான் மொதல்ல ஒரு வார்த்தை…"

"நடுவர் சொல்லியாச்சு," என்றாள் முத்துத்தாய். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பதவி அது. அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கார் மேலூரைத் தொட்டது. ஒரு டீக்கடை வாசலில் சிவக்குமார் வண்டியை நிறுத்தினான். அம்மா இறங்கவில்லை. தாமரையும் வெள்ளைத்துரையும் கையில் டீயோடு ஒரு வேப்பமர நிழலில் நின்றார்கள்.

"அப்பா, நான் அந்தக் கடைசிப் பேச்சைப் பேசிருக்கக் கூடாது."

"நல்லாத்தான் பேசுன. நான் சொல்லிக்கொடுக்காத வித்தையெல்லாம் கையில வச்சிருக்க." டீயை ஊதினார். "தாமரை, அந்தக் கூட்டுறது பெருக்குறதுன்னு சொன்னேனே, ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் தலையாட்டினாள்.

"அதை அப்புறம் எத்தனையோ மேடைல சொல்லிட்டேன். எல்லா ஊர்லயும் சிரிச்சாங்க. ஆனா சொல்லி முடிச்சதும் ஒம்மூஞ்சி ஞாபகம் வரும். அன்னைக்கு நீயும் சிரிச்ச. சரி, ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்புறம் ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"அம்புட்டுத் தூரம் ஒன்னை அனுப்பப் பயமா இருந்துச்சு. பயமா இருக்குன்னு சொன்னா யாரு கைதட்டுவா?"

அன்றைக்கு அவர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள். ஒருவேளை போயும் இருப்பாள். சிரித்திருக்க மாட்டாள்.

"இப்பவும் அதேதானாப்பா? சிவா போயிருவான்னு?"

வெள்ளைத்துரை காலி கிளாஸைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, "வண்டியை எடுக்கச் சொல்லு, வெயில் ஏறுது" என்றார்.

நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்த மண்பாதையில், கொட்டாம்பட்டிக்கு இந்தப்புறம், பச்சை வலைக் கூரையோடு நர்சரி தெரிந்தது. கறுப்புப் பைகளில் நாற்றுகள் வரிசை வரிசையாக நின்றன. சிவக்குமார் காரை நிறுத்தியதும் இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராக மோட்டார் அறைப் பக்கம் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபில்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான்.

மண் படிந்த கையோடு ஜெயக்கொடி வந்தாள். நெடிய உருவம், பருத்திச் சேலைக்கு மேலே போட்ட சட்டை, வெயிலுக்குச் சுருங்கிய கண்கள்.

"வாங்க. தென்னங்கன்னா, பூச்செடியா?"

"பொண்ணு," என்றார் வெள்ளைத்துரை.

முத்துத்தாய் அவர் முழங்கையில் இடித்தாள். "பொண்ணு பாக்க வந்திருக்கோம்த்தா. நாங்க சிவக்குமாரோட அம்மா, அப்பா. இவ அக்கா."

ஜெயக்கொடி கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "இங்க பொண்ணுன்னா நான் ஒருத்திதான் இருக்கேன்."

"ஒன்னைத்தான்த்தா."

"சிவக்குமாருக்கா? அவரு என்ன சொன்னாரு உங்ககிட்ட?"

"பிடிச்சிருக்குன்னு சொன்னான்."

"யாருக்கு யாரைன்னு சொன்னாரா?"

முத்துத்தாய் வெள்ளைத்துரையைப் பார்த்தாள். வெள்ளைத்துரை தாமரையைப் பார்த்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் ஜெயக்கொடி. குரலில் கோபமில்லை. "அஞ்சு தடவை வந்தாரு. அஞ்சு தடவையும் எங்கிட்ட ஃபில்டரைப் பத்தி மட்டும்தான் பேசினாரு. வேற ஒரு வார்த்தை கேட்டதில்ல."

தாமரை தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கூற்றுக்கு அடியிலும் சொல்லாமல் விட்ட ஒன்று ஒளிந்திருக்கும், அதை முதலில் தேடு. ஒவ்வொரு புது வகுப்பிலும் அவள் சொல்லித்தரும் முதல் பாடம். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றுதான் தம்பி சொன்னான். "அவளுக்கும் பிடிச்சிருக்கு" என்பதை இவர்களாகவே போட்டுக்கொண்டார்கள். பத்து நாள் சண்டை, ஒரு பட்டிமன்றம், ஒரு தீர்ப்பு எல்லாம் அதன் மேலேதான் நின்றிருந்தன. காலையில் கூட அவன் அதைத்தான் சொல்ல வந்தான். யாரும் முடிக்க விடவில்லை. அவளும்தான் விடவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது.

வெள்ளைத்துரைக்கு வந்தது ரோஷம். பத்து நாளாக வேண்டாம் வேண்டாம் என்றவர், ஒரு அடி முன்னால் வைத்து, மேடைக் குரலை எடுத்தார்.

"எம்மகனுக்கு என்னம்மா கொறை? கோச்சடைல எந்தத் தெருவுல வேணாலும் கேளு, ஒருத்தரு ஒரு குத்தம் சொல்ல மாட்டாங்க. ஒரு ஃபில்டருக்காக அஞ்சு தடவை வந்திருக்கான்னா, கட்டுன பொண்டாட்டிக்கு எத்தனை தடவை வருவான், நெனச்சுப் பாரு. இவனை விட்டா அப்புறம் ரெண்டே வழிதான், ஒண்ணு…"

"என்னங்க," என்றாள் முத்துத்தாய்.

அவர் நின்றுவிட்டார். ஜெயக்கொடி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வாங்கியதில் வெள்ளைத்துரையின் முகம் மலர்ந்தது.

"நல்லாப் பேசுறீங்கய்யா," என்று கண்ணைத் துடைத்தாள் அவள். "ஆனா இதெல்லாம் நீங்க சொல்றது. சொல்ல வேண்டியவரு அங்க உக்காந்திருக்காரு."

"சிவா," என்று கூப்பிட்டாள் முத்துத்தாய். "எந்திரிச்சு வா. வந்து கேளு. நாங்க அங்கிட்டுப் போயி நிக்கிறோம்."

மூவரும் மாங்கன்று வரிசைக்கு அந்தப்பக்கம் போய் நின்றார்கள். செடி பார்ப்பது போல் முத்துத்தாய் ஒரு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவக்குமார் எழுந்து, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போவது தெரிந்தது. அவன் உதடு அசைந்தது. ரொம்ப நேரம் அசையவில்லை. ஒரு வாக்கியம்தான் இருக்கும்.

ஜெயக்கொடி குனிந்து ஒரு நாற்றுப் பையை நிமிர்த்தி வைத்தாள். பிறகு பேசினாள். ஒரு விரலை மடக்கினாள், இன்னொன்றை மடக்கினாள், மூன்றாவதை மடக்கும்போது இவர்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம்ங்கறாளா?" என்றார் வெள்ளைத்துரை மெதுவாக.

"எனக்குக் கேக்கலப்பா."

"நீ என்ன நெனைக்கிற?"

"கேக்காம நான் எதுவும் நெனைக்கிறதா இல்ல," என்றாள் தாமரை.

சிவக்குமார் திரும்பி வந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஆனால் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அம்மாவிடம் போய் நின்றான்.

"இல்லைன்னு சொல்லலம்மா. சரின்னும் சொல்லல. மூணு கேள்வி இருக்காம். அதுக்குப் பதில் தெரிஞ்சுதான் சொல்லுவாளாம். அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வாராளாம்."

"நல்ல பொண்ணா இருக்காளே," என்றாள் முத்துத்தாய். "என்ன கேள்விடா?"

"ரெண்டு எனக்கு. அதை நான் பாத்துக்கிறேன்." அவன் அப்பாவைப் பார்த்தான். "மூணாவது அப்பாவுக்கு."

வெள்ளைத்துரை துண்டைத் தோளில் சரிசெய்தார். "எனக்கா? கேக்கச் சொல்லு. என்ன தலைப்பு?"

"அது அவளே வந்து கேப்பாளாம்ப்பா," என்றான் சிவக்குமார். "சிரிக்க வைக்காம பதில் சொல்லணும்னு மட்டும் சொல்லி விட்டா."